நாலு வருஷம் ஆழம் மாற்றி உழுது பார்த்ததில்

வீடு சென்னை மாதவரத்தில், நிலம் சோழவரம் தாண்டி மூன்று ஏக்கர் செம்மண். 45 குதிரைத்திறன் டிராக்டர், ஒன்பது கொழுக் கலப்பை, சுழன்று மேல்மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர். நாலு வருஷமாக உழவு ஆழத்தையும் டீசலையும் நோட்டில் குறித்து வருகிறேன்.

"அகல உழுவதைவிட ஆழ உழு" என்று அப்பா சொல்லுவார். முதல் வருஷம் மார்கழிப் பட்ட நிலக்கடலைக்கு அப்படியே எட்டு அங்குலம் இறக்கினேன். இன்ஜின் திணறியது, பின்சக்கரம் வழுக்கியது. உழவுக்கு முன்னும் பின்னும் டேங்கை முட்ட நிரப்பிப் பார்த்ததில் ஏக்கருக்கு ஆறரை லிட்டர் போயிருந்தது. மறுவருஷம் நாலு அங்குலத்தில் உழுதேன், நாலு லிட்டரில் முடிந்தது. சென்னையில் டீசல் லிட்டர் 92 ரூபாய்க்கு மேல். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் கூடுதலாக இறக்கினால் சுமார் 140 டன் மண்ணைச் சேர்த்துப் புரட்ட வேண்டும்.

டீசல் செலவைவிட மனசு நொந்தது முளைப்பைப் பார்த்துத்தான். ஆழ உழுத வருஷம் ஈரம் அதிகம். அடிமண் பாளம் பாளமாக மேலே வந்து வெயிலில் கல்லாகிவிட்டது. பத்தாம் நாள் முளைக்காத இடத்தைக் கையால் கிளறினேன். இரண்டு கட்டிகளுக்கு நடுவே, மண்ணே ஒட்டாமல் பருப்பு கிடந்தது. நகம் அளவுக்கு வேர் விட்டுக் கருகியிருந்தது. முளைக்காத இடத்தில் மறுபடி விதை ஊன்றும் பாடுவாசிக்கே இரண்டு நாள் கூலி. நிலக்கடலைப் பருப்பு இரண்டு அங்குல ஆழத்தில் விழுந்தால் போதும். அதற்கு மேல்மண் பொடியாக, ஈரத்தோடு இருக்க வேண்டும். நாலு அங்குல உழவில் அது கிடைத்தது, பயிரும் வரிசையாக எழுந்தது.

சரி, இனி மேலுழவு மட்டும் போதும் என்று அதன் பிறகு ரோட்டவேட்டரை மட்டுமே ஓட்டினேன். அது என் தப்பு. மூன்றாம் வருஷ மழையில் தண்ணீர் இறங்காமல் தேங்கி, இலை மஞ்சளடித்தது. கம்பியைக் குத்தினால் ஐந்து அங்குலத்தில் 'டக்' என்று நின்றது; உழவு எட்டாத அடிமண் அங்கே இறுகிக் கிடந்தது. பயிரைப் பிடுங்கினால் ஆணிவேர் அந்த இடத்தில் பக்கவாட்டில் மடங்கியிருந்தது.

சித்திரையில், மண் நன்றாகக் காய்ந்த பிறகு, அடி இறுகலை ஆழமாகக் கீறி உடைக்கும் உளிக்கலப்பையை வாடகைக்கு எடுத்து அரை மீட்டர் இடைவெளியில் ஓட்டினேன். டீசல் நிறையவே குடித்தது, அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஈரத்தில் ஓட்டியிருந்தால் இறுகல் உடையாது, கீறல் மட்டும் விழும்.

இப்போது அப்பா சொன்ன ஆழம் கோடையில், அதுவும் கம்பி நின்றால் மட்டும். விதைப்புக்கு நாலு அங்குலம்தான். போன பட்டத்தில் பாடுவாசிக்கு ஆள் கூப்பிடவில்லை.