மண்டபம் மொட்டைமாடி வாணவேடிக்கை: 3000 ரூபாய்க்குப் புகை, ஓசியில் பாம்பன்

முதலில் காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்குத் தலைக்கு 600, பிள்ளைகளுக்கு 300. நான், மனைவி, அம்மா, மச்சான், பிள்ளைகள் இரண்டு பேர், ஆக மொத்தம் 3000 ரூபாய். இதற்கு மண்டபத்தில் வடக்குக் கடலைப் பார்த்த மாதிரி இருக்கிற ஒரு லாட்ஜின் மொட்டைமாடியில் நாற்காலி, தீபாவளி ராத்திரி 7 மணிக்கு ‘20 நிமிடப் பிரம்மாண்ட வாணவேடிக்கை’, அப்புறம் சாப்பாடு. லாட்ஜ் பெயர் வேண்டாம். அந்தப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை, விவரம் பத்தவில்லை, அவ்வளவுதான்.

பரமக்குடியில் எங்கள் தெரு குறுகல். ராக்கெட் விட்டால் எதிர்வீட்டு ஜன்னலுக்குள் போகும், புஸ்வாணம் வைத்தால் கேபிள் வயரைத் தொடும். போன வருஷம் ஒரு சங்குசக்கரம் சுற்றிக்கொண்டே பக்கத்து வீட்டு வாசல் கோலத்தில் ஏறி நின்றதில் தொடங்கிய மனஸ்தாபம் பொங்கல் வரைக்கும் போனது. அதனால்தான் இந்த முறை காலையில் இட்லி, கறிக்குழம்பு முடித்து, தெருவில் பெயருக்கு இரண்டு சரம் கொளுத்திவிட்டு, மத்தியானத்துக்கு மேல் காரை எடுத்தோம். உச்சிப்புளி தாண்டும்போது லேசான தூறல். மண்டபம் போய்ச் சேர்ந்தபோது வானம் வெறித்துவிட்டது.

இடத்தைக் குறை சொல்ல வழியே இல்லை. மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டைமாடி, மூன்று பக்கமும் திறப்பு. வடக்கே பெண் கடல். பாக் விரிகுடாப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள், ஒன்று அடக்கம், ஒன்று முரடு என்று கணக்கு. வாடைக்காற்று பிடித்துவிட்டால் அந்தக் கணக்கு மாறிப்போகும், ஆனால் அன்றைக்கு வாடை முழுசாக எழும்பவில்லை, மெதுவாக ஊதிக்கொண்டிருந்தது. கிழக்கே சாலைப் பாலத்து விளக்குகள் வரிசையாக, அதற்கு அந்தப் பக்கம் பாம்பன். தீபாவளி அமாவாசையை ஒட்டித்தானே வரும், நிலவு கிடையாது, கடல் எது வானம் எது என்றே தெரியாத இருட்டு. வாணவேடிக்கைக்கு இதைவிட நல்ல திரை எங்கே கிடைக்கும்?

ஆனால் அந்த இருட்டை நாங்கள் பார்த்தது ரொம்ப நேரம் கழித்துத்தான். மாடியின் நாலு மூலையிலும் கல்யாண மண்டபத்தில் போடுகிற ஃபோகஸ் லைட், தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு ஸ்பீக்கர் பெட்டி.

தமிழ்நாட்டில் 2018 தீபாவளியிலிருந்து காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம்தான் வெடிக்க அனுமதி. ஊரில் யார் மணி பார்த்து வெடிக்கிறார்கள் என்பது வேறு கதை. லாட்ஜ்காரர்கள் ஒழுங்காக 7 மணிக்கு மேல்தான் ஆரம்பித்தார்கள், அதற்கு ஒரு மார்க். வாணம் வைக்கிற இடத்தில் இரண்டு டிரம் தண்ணீரும் நாலு வாளி மணலும் இருந்தன, அதற்கும் ஒரு மார்க்.

மார்க் அத்தோடு சரி. வாணங்களை அவர்கள் வரிசையாக வைத்த இடம் லாட்ஜுக்கு நேர் வடகிழக்கே, கரை ஓரத்தில். வாடை வருவதும் அதே வடகிழக்கிலிருந்துதான். கீழே கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்து ஒரு பெரியவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார், வண்டியிலிருந்து சால்வையை எடுக்க நான் இறங்கினபோது அவராகவே சொன்னார்: “வாடைக்கு முன்னால நின்னு வச்சா புகை எங்க தம்பி போகும்? ஒங்க மூஞ்சிக்குத்தான் வரும்.” நான் சிரித்துவிட்டு மேலே ஏறினேன். அவரிடம் கேட்டுத்தான் 3000 ரூபாயைக் கட்டியிருக்க வேண்டும்.

முதல் பெட்டி, 240 ஷாட், ஏறினபோது உண்மையாகவே நன்றாக இருந்தது. சிவப்பு, பொன் நிறம், நடுவில் ஒன்றிரண்டு நீலம். என் மச்சான் சிவகாசியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன், நீலம் வந்தாலே ஒரு ‘ஆகா’ போடுவான். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு, மஞ்சளுக்குச் சோடியம், அதெல்லாம் சொன்னபடி கேட்கும். நீலத்துக்குப் போடுகிற செம்பு உப்பு மட்டும் சூடு கொஞ்சம் கூடினாலும் நிறம் வெளுத்துப்போகும், அதனால் வானத்தில் நல்ல நீலம் பார்த்தால் செய்தவனுக்குக் கை சுத்தம் என்று அர்த்தம் என்பான். அவன் இதைச் சொல்லி முடிக்கவில்லை, புகை வந்து உட்கார்ந்துவிட்டது. மேலே என்ன வெடித்தாலும் எங்களுக்குத் தெரிந்தது பஞ்சுக்குள் லைட் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம்தான். நாலு நிமிடம் இருக்கும். அதற்குள் பாதிப் பேர் முந்தானையும் கைக்குட்டையுமாக மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். என் மனைவி பட்டுச்சேலையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அடுத்து நமத்துப்போன கதை. கடற்கரையில் வெடி வாங்கி வைத்தவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்று பட்டால் மருந்து ஈரம் இழுக்கும், தீபாவளிக்கு முன்னால் இரண்டு நாள் வெயில் காட்டித்தான் எடுப்பார்கள். இவர்கள் அட்டைப்பெட்டியைக் கடல் பக்கத்து ரூமில் அப்படியே போட்டு வைத்திருந்தார்களாம். இரண்டாவது பெட்டியில் திரி சீறிக்கொண்டே உள்ளே போனது, அப்புறம் சத்தமே இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வேலைக்காரப் பையன் ஒருவன் கிட்டே போய்க் குழாய்க்குள் எட்டிப் பார்க்கக் குனிந்தான். மச்சான் கைப்பிடிச் சுவரில் ஏறாத குறையாக “டேய், குனியாதடா! பின்னால வா!” என்று போட்ட சத்தத்தில் மாடியே எழுந்து நின்றது. பையன் மிரண்டு நகர்ந்தான், அப்புறம் மச்சானே கீழே போய்ப் பெட்டிமேல் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தான். வெடிக்காத வாணத்தை எட்டிப் பார்க்கக்கூடாது, திரும்பக் கொளுத்தக்கூடாது, தள்ளி நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைக்கூட அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. புகையை மன்னித்துவிடலாம், இதை மன்னிக்க முடியாது. ஆள் வைத்து வாணம் விடுகிறீர்கள் என்றால் பழகின ஆளை வையுங்கள்.

மூன்றாவது பெட்டி பாதி வெடித்தது. 20 நிமிடம் என்றது 11 நிமிடத்தில் முடிந்தது, என் பெண் கடிகாரம் பார்த்துச் சொன்னாள். உடனே ஸ்பீக்கரில் பாட்டு.

இந்த இடத்தில்தான் எங்கள் அம்மா புகுந்தார். மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்ற மேனேஜரைக் கூப்பிட்டு, “தம்பி, ஒங்க வேடிக்கைதான் முடிஞ்சிருச்சுல்ல, அந்த லைட்டையாவது அமத்துங்க, ஊர் வேடிக்கையப் பாப்போம்” என்றார். அந்த மனிதர் ஒரு நொடி யோசித்தார், பிறகு நாலு லைட்டையும் அணைத்து, பாட்டையும் நிறுத்திவிட்டார். கண் பழக இரண்டு மூன்று நிமிடம் ஆனது.

அப்புறம் பாருங்கள். கிழக்கே பாம்பன் முழுக்கப் பூத்துக்கொண்டிருந்தது. யாரும் டிக்கெட் போட்டு நடத்தாத வேடிக்கை, வீட்டு வாசலில், கரையில், மாடியில் அவரவர் வாங்கின ராக்கெட்டும் ஃபேன்ஸியும். தூரத்தில் ஒவ்வொன்றும் கடுகு தாளித்த மாதிரி சின்னதாகத் தெறிக்கிறது, தெறித்தது அப்படியே தண்ணீரிலும் தெரிகிறது. புகை எங்கள் பக்கம் வரவே இல்லை. பின்பக்கம் திரும்பினால் மரைக்காயர்பட்டினம், வேதாளைப் பக்கமும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மேலே ஏறின.

சத்தம்தான் வேடிக்கை. வெளிச்சம் வந்து, விரிந்து, அணைந்து, நாம் மறந்தே போன பிறகு ‘டொம்’ என்று வருகிறது. என் பையனுக்கு இது புரியவில்லை, “அப்பா, வெடி லேட்டா வெடிக்குது” என்றான். சத்தம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் ஓடும், அதனால் வெளிச்சம் பார்த்ததிலிருந்து எண்ணி, மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும் என்றேன். அவ்வளவுதான், அக்காவும் தம்பியும் கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்கள். ஒரு பெரிய பச்சைக்கு எட்டு வந்தது. ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோமீட்டர், பாம்பன் கரைதான். கொஞ்ச நேரத்தில் மாடியில் இருந்த மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் கோரஸாக ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’. எட்டில் ‘டொம்’ வந்தால் கைதட்டல். எட்டு மணி தாண்டியும் பாம்பன் ஓயவில்லை, நாங்களும் புகார் கொடுக்கப் போகவில்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. பரோட்டா சூடாக வந்தது, கணவாய் வறுவல் நன்றாக இருந்தது, சீலா மீன் குழம்பில் புளி தூக்கல். தீபாவளிக்குக் கடலுக்கு யார் போனார்கள், முந்தின நாள் மீன்தான் என்று பரிமாறினவரே ஒத்துக்கொண்டார். குழந்தைகளுக்குத் தனியாக ஏதும் இல்லை, தயிர் சாதம் கேட்டு வாங்கினோம்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வண்டியைப் பாலத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், போலீஸ் விரட்டிவிடும், அது குறுகலான பாலம், விரட்டுவதும் நியாயம். தனுஷ்கோடியிலும் இருட்டினால் ஆளை இருக்க விடமாட்டார்கள். அதனால் கரையோரம் இருட்டாக ஒரு மாடி கிடைத்தால் அதுதான் இடம். ஆனால் மாடியில் உட்காருவதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு இரண்டு கொடுத்திருப்பேன். லைட்டை அணைத்ததற்கு ஒன்று கூட்டி மூன்று. கிளம்பும்போது மேனேஜரிடம், அடுத்த வருஷம் வாணம் வாங்குகிற காசை மிச்சம் பிடித்து, லைட் இல்லாத மாடிக்கு மட்டும் தலைக்கு 100 ரூபாய் வாங்குங்கள், நான் பத்துப் பேரோடு வருகிறேன் என்றேன். “நெசமாவா சார் சொல்றீங்க?” என்று கேட்டார். நிஜமாகத்தான் சொன்னேன். வெளியே வந்தபோது வள்ளத்து மேல் பெரியவர் இல்லை, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளும் கண் செருகினபடி இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.