தம்பிக்காக அரசு மனநல சேவை: பதினோரு வருடத்தில் பார்த்ததும் பட்டதும்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். சீட்டில் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதுவார்கள். 2014-லிருந்து எங்கள் தாலுகா அரசு மருத்துவமனைக்கு வரும் மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம்தான் அவனுக்கு வைத்தியம். பதினோரு வருடம் ஆகிவிட்டது. இப்போதுதான் இந்த நோயோடு போராட ஆரம்பித்திருக்கும் ஒரு வீட்டுக்காவது உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அவன் ஐடிஐ படித்துவிட்டு லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். 2012-இல் தூக்கம் போனது. ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் நடப்பான். தண்ணீர்த் தொட்டியில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று சொல்லி மூன்று நாள் தண்ணீரே குடிக்கவில்லை. கோடாங்கி பார்த்தோம், மந்திரித்தோம், கயிறு கட்டினோம். அப்புறம் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அம்மாவும் அவனும் தங்கினார்கள். உச்சிக்கால பூஜையில் முகத்தில் தீர்த்தம் அடிக்கும்போது மட்டும் அவன் முகம் கொஞ்சம் தெளியும் என்று அம்மா சொல்வாள். அந்த நாட்களை நான் குறையாக நினைக்கவில்லை. அங்கே அவனை யாரும் பைத்தியம் என்று கூப்பிடவில்லை. ஆனால் நோய் அப்படியேதான் இருந்தது.

தப்பு நடந்தது அதற்கு அடுத்த வருடம். யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் விடுதியில் கொண்டு போய் விட்டோம். பெயர்ப்பலகையில் மனநலக் காப்பகம் என்றிருந்தது. உரிமம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் போய் நின்றேன். வலது கணுக்காலில் சங்கிலி. சங்கிலி பட்ட இடத்தில் புண். "அக்கா, நான் ஓட மாட்டேன்னு சொல்லுக்கா" என்றான். அன்றே கூட்டி வந்துவிட்டேன். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்த செய்தி அப்போது நான் பேப்பரில் படித்தது. அந்தச் செய்திக்குள் என் தம்பியும் இருந்திருக்கலாம் என்று வண்டியில் வரும்போது தோன்றியது. இன்றைக்கும் அந்த நினைப்பு வந்தால் உடம்பு நடுங்குகிறது.

அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் வருவார் என்று எங்களுக்குச் சொன்னது அங்கன்வாடி டீச்சர். செவ்வாய்க்கிழமை, ஓபி கட்டடத்தில் கடைசி அறை. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று ஒரு குழுவாக வருவார்கள். நாட்டில் இந்தத் திட்டம் 1996-இல் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று நம் திருச்சி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இத்தனை காலமாக இருக்கும் ஒரு சேவை எங்கள் வீட்டுக்கு வந்து சேர அங்கன்வாடி டீச்சர் தேவைப்பட்டார்.

சரி, சேவை எப்படி இருக்கிறது?

மாத்திரைக்குக் காசு இல்லை. தனியாரில் மாதம் மூவாயிரம் வரை செலவு செய்துகொண்டிருந்தோம், முடியாத மாதம் நிறுத்திவிடுவோம், நிறுத்திய மாதமே நோய் திரும்பிவிடும். அந்தச் சுழற்சி நின்றது பெரிய விஷயம். முதலில் கொடுத்த இரண்டு மருந்துக்கும் காதில் கேட்கும் குரல் அடங்கவில்லை. ஒன்றில் கை கால் விறைத்துப் பொம்மை மாதிரி நடந்தான். 2016-இல் க்ளோசாபின் ஆரம்பித்தார்கள். அது ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடலாம் என்பதால் முதல் பதினெட்டு வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, அப்புறம் இடைவெளி கூடும். பதினெட்டு வாரமும் கூட்டிப் போனேன். பன்னிரண்டாவது வாரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அந்த ஆளு இன்னைக்கு பேசலைக்கா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த மருந்து சாப்பிடுபவர்கள் வீட்டுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். தூக்கத்தில் எச்சில் ஊறும், தலையணையில் துண்டு போடுங்கள். மலச்சிக்கலைச் சாதாரணமாக விடாதீர்கள், முற்றினால் உயிருக்கே ஆபத்து. பீடி, சிகரெட்டைத் திடீரென்று விட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும், அதனால் விடப்போகிறார் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கடைசி விஷயத்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மார்கழியில் மாலை போட்டுப் பீடியை விட்டவன் பத்து நாளில் எழுந்து நிற்க முடியாமல் கிறங்கிப் போன பிறகுதான் கற்றுக்கொண்டோம். எடையும் ஏறும். என் தம்பி 58 கிலோவிலிருந்து 81 ஆனான், 2021-இல் சர்க்கரை வந்தது. சர்க்கரை மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். அதே பையில் மனநல மாத்திரையும் வந்தால் எத்தனை வயதான அம்மாக்கள் பஸ் ஏறாமல் இருப்பார்கள் என்று மாதாமாதம் நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. சில மாதங்களில் மருந்து இருப்பு இருக்காது. "பதினஞ்சு நாளைக்கு வாங்கிட்டுப் போங்க, அப்புறம் வாங்க" என்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு நாள் வருவது எவ்வளவு கஷ்டம் என்பது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் தெரிவதில்லை. நான் எப்போதும் பத்து நாள் மாத்திரை கூடுதலாகக் கையில் வைத்திருக்கப் பழகிவிட்டேன். டாக்டர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், இதுவரை நான்கு பேர். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். அதற்காக ஒரு பச்சை நோட்டு போட்டேன். எந்த மருந்து, எந்தத் தேதியில் ஆரம்பித்தது, ஏன் மாற்றினார்கள், எதற்கு என்ன பக்கவிளைவு, எல்லாம் அதில் இருக்கும். புதிய டாக்டர் இரண்டு நிமிடத்தில் படித்துவிடுவார்.

இந்தச் சேவையில் எனக்கு எது பெரிது என்று கேட்டால் மாத்திரை என்று சொல்ல மாட்டேன். 2017-இல் அம்மா இறந்தபோது இரண்டு செவ்வாய்க்கிழமை நாங்கள் போகவில்லை. மூன்றாவது நாள் சமூகப் பணியாளர் போன் பண்ணினார். "தம்பி வரலையேம்மா, வீட்ல எதுவும் பிரச்சினையா?" அவ்வளவுதான் கேட்டார். அந்த வருடங்களில் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அவனைப் பற்றி விசாரித்து எனக்கு போன் பண்ணியதில்லை. வரவில்லை என்றால் தேடுவதற்கு ஒரு ஆள். பலவீனமானவர்களுக்குப் பாதுகாப்பு என்று பெரிய பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் எனக்கு அந்த ஒரு போன்தான்.

அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது 2019-இல் தெரிந்தது. சித்திரை மாதம், மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கித் துப்பிக்கொண்டிருந்திருக்கிறான், எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் ஆளைக் காணோம். காவல் நிலையத்தில், "பெரிய ஆளுதானே, வந்துடுவாரு போங்க" என்றார்கள். இரண்டாம் நாள் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கூட்டிப் போன பிறகுதான் புகாரை எழுதிக்கொண்டார்கள். பதினேழு நாள். ஒவ்வொரு நாளும் பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், கோயில் வாசல்.

பதினேழாம் நாள் சாயங்காலம் எங்கள் சமூகப் பணியாளர்தான் போன் பண்ணினார். தம்பி வேறு மாவட்டத்தில், தெருவில் திரியும் மனநோயாளிகளுக்கான அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையத்தில் இருந்தான். தமிழக அரசும் பேனியன் தொண்டு நிறுவனமும் சேர்ந்து சில மாவட்டங்களில் நடத்த ஆரம்பித்த மையங்கள் இவை. ரோந்து போன போலீஸ்காரர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் பார்த்து அங்கே சேர்த்திருக்கிறார். 2017 மனநலச் சட்டத்தின் நூறாவது பிரிவில் இது போலீஸின் கடமை என்றே இருக்கிறது. இப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. அந்தப் போலீஸ்காரருக்குச் சட்டம் தெரிந்ததா, மனசு இருந்ததா என்று எனக்குத் தெரியாது, அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அங்கே அவன் ஊர் பெயர் சொல்லவில்லை, என் பெயர் சொல்லவில்லை. "செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரி போகணும், ரத்தம் எடுக்கணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். அதை வைத்துத்தான் அங்கிருந்த பணியாளர், எந்தெந்த மாவட்டத்தில் செவ்வாய்க்கிழமை முகாம் நடக்கிறது என்று ஒவ்வொரு மாவட்ட மனநலக் குழுவுக்கும் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். நான் போனபோது தலைமுடி வெட்டி, குளித்து, சலவை செய்த சட்டையில் உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தான். காலைத்தான் முதலில் பார்த்தேன். சங்கிலித் தடம் எதுவும் இல்லை.

அதன் பிறகு இரண்டு காகிதம் போட்டோம். அந்த 2017 மனநலச் சட்டத்தில், நோயாளி தனக்கு யார் பிரதிநிதி என்று தானே எழுதித் தரலாம். வெள்ளைத்தாள் போதும். "எங்க அக்கா" என்று அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டான். இன்னொன்று முன்கூட்டிய விருப்ப ஆவணம், நோய் முற்றி முடிவெடுக்க முடியாத நேரத்தில் எப்படி வைத்தியம் செய்ய வேண்டும், எப்படிச் செய்யக் கூடாது என்பது. அவன் எழுதியதில் முதல் வரி, "என்னைக் கட்டிப் போடக் கூடாது." சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் எந்த விதத்திலும் அனுமதிக்கவில்லை என்று சொன்னேன். "இருந்தாலும் எழுதிக்கிறேன்க்கா" என்றான்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் விஷயத்தில் எங்களுக்கு இரண்டு முறை அலைச்சல். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருபத்தொரு வகை ஊனங்களில் ஒன்று. தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்ற நான்கையும், நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதையும் வைத்து மதிப்பெண் போடுவார்கள். நாற்பது சதவீதமாவது வர வேண்டும். முதல் முகாமுக்கு அவனைக் குளிப்பாட்டி, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக் கூட்டிப் போனேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். நாற்பதுக்குக் கீழே வந்துவிட்டது. அந்த நல்ல நாளுக்குப் பின்னால் நான்தான் பல் தேய்க்கச் சொல்கிறேன், நான்தான் மாத்திரை எண்ணுகிறேன் என்பதை அந்த அறையில் சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் முறை ஒரு மாதத்தில் என்னென்ன நடக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டு போனேன். கிடைத்தது. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

உதவித்தொகை முதலில் ஆயிரம், 2023 முதல் ஆயிரத்து ஐந்நூறு. விஏஓ, ஆர்ஐ, தனி தாசில்தார் என்று போய்வர ஏழு மாதம் ஆனது. பணம் சிறிதுதான். ஆனால் தன் பெயரில் வங்கியில் விழும் அந்தப் பணத்தில் அவன் எனக்குத் தீபாவளிக்கு ஒரு சேலை வாங்கித் தந்தான்.

ராத்திரியில் அவசரம் என்றால் 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் வந்தது, தமிழிலேயே பேசலாம். நான் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறேன், ஒரு முறை அவனுக்காக, ஒரு முறை எனக்காக. எனக்காகக் கூப்பிட்ட இரவு, அந்தப் பக்கம் இருந்த பெண் நாற்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டார். பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அந்த எண் உண்டு என்பதால் சொல்கிறேன்.

தீராத கவலை ஒன்று இருக்கிறது. எனக்கு ஐம்பது நெருங்குகிறது. எனக்கப்புறம் யார்? நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் காப்பாளர் நியமிக்கும் வழி ஆட்டிசம், மூளைவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்குத்தான். மனநோய் அதில் இல்லை. பேனியன் 2015-இல் ஆரம்பித்த ஹோம் அகெய்ன் மாதிரி, நான்கைந்து பேர் ஊருக்குள் ஒரு சாதாரண வாடகை வீட்டில், உதவிக்கு ஒரு ஆளோடு சேர்ந்து வாழும் ஏற்பாடு ஒவ்வொரு தாலுகாவிலும் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிற எழுபது வயது அம்மா ஒவ்வொரு முறையும் இதைத்தான் கேட்கிறார், தன் மகளைக் காட்டி. பெண் பிள்ளை என்பதால் அவர் பயம் என் பயத்தைவிடப் பெரியது. அவருக்குச் சொல்ல என்னிடம் இன்னும் பதில் இல்லை.

தம்பி இப்போது பழைய லேத் பட்டறையில் அரை நாள் வேலை செய்கிறான். முதலாளி மிஷினில் விடுவதில்லை, பொருள் எண்ணி அடுக்குகிற வேலை. போன மாதத்திலிருந்து மருத்துவமனைக்குத் தனியாகவே போகிறான், பச்சை நோட்டை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு. பதினொரு மணிக்கு போன் வரும். "சீட்டு வாங்கிட்டேன்க்கா, எனக்கு முன்னாடி ஆறு பேரு."