ஜிஎஃப்ஓவை எப்போது மாற்றுவது? சில வருடம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

கடல்நீர்த் தொட்டியில் பாஸ்பேட்டைக் குறைக்கச் சில வருடங்களாக ஜிஎஃப்ஓ போட்டு வருகிறேன், பழுப்புக் குருணையாக வருமே, அந்த இரும்பு ஆக்சைடுதான். இடையில் வெள்ளை உருண்டையாக வரும் அலுமினியம் ஆக்சைடையும் கொஞ்ச காலம் ஓட்டினேன். இரண்டுமே வேலை செய்யும். ஆனால் நாள்கணக்கு வைத்து மீடியாவை, அதாவது பாஸ்பேட்டைப் பிடிக்கும் இந்தப் பொருளை, மாற்றுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. மீனுக்கு எவ்வளவு தீனி போகிறது, பாறையில் ஏற்கெனவே எவ்வளவு பாஸ்பேட் ஏறிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்து, அதே அளவு மீடியா ஒரு தொட்டியில் சில நாளிலேயே தீர்ந்துபோகும், இன்னொன்றில் வாரக்கணக்கில் தாங்கும்.

நான் பார்ப்பது ரியாக்டரிலிருந்து, அதாவது மீடியாவைப் போட்டு அதன் ஊடாகத் தண்ணீரை ஓட்டும் குழாயிலிருந்து, வெளியே வரும் தண்ணீரை. தொட்டியில் பாஸ்பேட் 0.12 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருந்து, வெளியே வருவது 0.03 என்றால் மீடியா நன்றாகப் பிடிக்கிறது. வெளியே வருவதும் 0.10ஐத் தாண்டிவிட்டால் தீர்ந்துவிட்டது, மாற்றிவிட வேண்டியதுதான். இதற்கு நிறம் பார்த்துச் சொல்லும் டெஸ்ட் கிட் போதாது. ஹன்னா நிறுவனத்தின் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) மீட்டர் வைத்திருக்கிறேன். அது காட்டுவது பாஸ்பரஸ், அதை 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். 20 காட்டினால் ஏறக்குறைய 0.06. அந்த மீட்டருக்கே 5 பிபிபி அளவுக்கு ஏற்ற இறக்கம் உண்டு, அதாவது 0.015 பிபிஎம். அதனால் நேற்று 0.05, இன்று 0.06 என்று பதறி மீடியாவைத் தூக்கிப் போடத் தேவையில்லை. குப்பியில் விரல்ரேகை இருந்தாலும், பவுடர் சரியாகக் கரையாவிட்டாலும், உள்ளே சின்னக் குமிழி ஒட்டியிருந்தாலும் எண் எங்கேயோ போய்விடும், துணியால் துடைத்துவிட்டு வையுங்கள்.

அப்புறம் பாறை. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். புது மீடியா போட்டதும் பாஸ்பேட் சட்டென்று இறங்கும், சில நாளில் மறுபடி ஏறிவிடும், உடனே மீடியா மட்டம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் கால்சியம் கார்பனேட் பாறையும் மணலும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும், தண்ணீரில் குறையக் குறைய அதைத் திரும்ப விடும். பழைய பாறை உள்ள தொட்டியில் இது மாதக்கணக்கில்கூட நடக்கும். இதற்கு வழி பொறுமைதான். பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதிக்கும் குறைவாகப் போட்டு, தீரத் தீர மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

முழு அளவையும் ஒரே நாளில் கொட்டினால் பாதிப்பு பவளத்துக்குத்தான். பாஸ்பேட் திடீரென்று அடிமட்டத்துக்குப் போனால் அக்ரோபோரா மாதிரி கிளைப் பவளம் வெளிறும், நுனியில் சதை கழன்று வெள்ளை எலும்பு தெரியும். நைட்ரேட்டும் சேர்ந்து பூஜ்ஜியத்துக்குப் போனால் டைனோஃபிளாஜலேட் என்ற நுண்ணுயிர் வர வாய்ப்பு அதிகம். குமிழி கோத்த பழுப்புச் சளியாக மணல் மேல் படர்ந்துவிட்டால் அதை ஒழிப்பது பாசியை ஒழிப்பதைவிடப் பெரிய பாடு. எனக்கு 0.03 முதல் 0.10 வரை சரி, பூஜ்ஜியம் வேண்டவே வேண்டாம்.

ரியாக்டரில் ஏற்றும் முன் ஆர்ஓ தண்ணீரில் அலசி, செம்பழுப்புத் தூள் நிற்கும் வரை வடித்துவிடுங்கள். மேல்பரப்பு குருணை உலை கொதிக்கிற மாதிரி லேசாகப் புரண்டால் போதும். வேகம் கூடினால் உரசித் தூளாகித் தொட்டிக்குள் வந்துவிடும், குறைந்தால் கட்டிபிடித்துத் தண்ணீர் ஒரு ஓரமாகவே வழி கண்டுபிடித்துப் போகும். ஆல்கலினிட்டியை, அதாவது தண்ணீரில் கார்பனேட் அளவை, உயரத்தில் வைத்திருப்பவர்களுக்குக் கட்டிபிடிப்பது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் குருணை மேல் கால்சியம் கார்பனேட் படிகிறது. தண்ணீரை வடிகட்டப் போடும் கார்பனை (கரியை) இதோடு கலக்காதீர்கள், புரளும்போது அது பொடிந்துவிடும், மாற்ற வேண்டிய நேரமும் வேறு.

அலுமினியம் ஆக்சைடில் தூசித் தொல்லை குறைவு, ரியாக்டர் இல்லாமல் பையில் போட்டு சம்ப்பில் (வடிகட்டும் கருவிகள் வைக்கும் துணைத் தொட்டியில்) தொங்கவிடலாம். ஆனால் லெதர் என்ற மென்பவளம் சிலருக்கு அதில் சுருங்கிப்போவதுண்டு, என் தொட்டியில் பெரிய லெதர் ஒன்று இருப்பதால் ஜிஎஃப்ஓவுக்கே திரும்பிவிட்டேன். உறைந்த தீனியை உருக்கி, அந்த நீரை வடித்துவிட்டுப் போடுவதையும் பழக்கமாக்கிக்கொண்டேன். பாறை விடுவது அடங்கிய பிறகு மீடியா இல்லாமலே 0.06 பக்கம் நிற்கிறது, அதனால் இப்போது ரியாக்டரை அணைத்தே வைத்திருக்கிறேன், 0.10ஐத் தாண்டினால் மட்டும் ஒரு கைப்பிடி போட்டு ஓட்டுகிறேன்.