பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியும் நானே செய்துகொண்ட கருவிகளும்: பன்னிரண்டு ஆண்டுப் பயன்பாடு

அப்பா மறைந்த பிறகு, 2012-ஆம் ஆண்டில் உரிமம் என் பெயருக்குக் கிடைத்தபோது, வந்தவாசிப் பக்கத்தில் வேர்க்கடலைக் கொல்லைக் காவலுக்காக அவர் வைத்திருந்த, பன்னிரண்டு போர் என்னும் குழல் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி திருவான்மியூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்யப்பட்டது, சுத்தியல் வெளியே தெரியாத பாக்ஸ்லாக் வகை, 1875-இல் ஆன்சன், டீலி என்ற துப்பாக்கி வடிவமைப்பாளர்கள் வகுத்த அமைப்பைக் கொண்டது. ஊரில் இருந்தவரை துருவே காணாத அந்தக் குழல்களில், கடற்காற்று படும் இந்த வீட்டில் முதல் ஐப்பசி மழைக்கே செம்புள்ளிகள் தோன்றிவிட்டன. இதற்கென்று செய்யப்பட்ட கருவிகள் எளிதில் கிடைக்காததால், வேண்டியவற்றை ஒவ்வொன்றாக நானே செய்துகொண்டேன். அவற்றில் எது நிலைத்தது, எது கெடுத்தது என்பதை, இதே போன்ற பழைய துப்பாக்கியை உரிமத்துடன் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கருவியைக் கையில் எடுக்கும் முன் துப்பாக்கியைத் திறந்து, இரண்டு தோட்டா அறைகளும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ள வேண்டும். நாம் வேலை செய்யும் இடத்திலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது. பிறகு குழல்களின் அடியில் உள்ள முன்கட்டையைக் கழற்றினால் குழல்கள் கையோடு வந்துவிடும். அதுவரை எந்தக் கருவியும் தேவையில்லை.

தொல்லை, பொறியை அடியில் மூடியிருக்கும் அடித்தகட்டின் திருகாணியில்தான் தொடங்கியது. முதல் ஆண்டில், வீட்டில் கிடந்த சாதாரணத் திருப்புளியால் அதைத் திருப்பப் பார்த்து, தலையின் பள்ளத்து விளிம்பைச் சிதைத்துவிட்டேன். அந்த வடுவை இன்றும் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. அந்தக் காலத்துத் துப்பாக்கிக் கைவினைஞர்கள் திருகாணிப் பள்ளத்தை மிக ஒடுக்கமாகவும், பக்கங்கள் நேராகவும் அறுப்பார்கள். கடைத் திருப்புளியின் நுனியோ ஆப்பு போலச் சரிந்திருக்கும். அது பள்ளத்தின் அடியைத் தொடாமல் மேல்விளிம்பில் மட்டும் நின்று, அழுத்தம் கூடியதும் வழுக்கி மேலேறி, போகிற போக்கில் இரும்பைக் கிழித்துவிடும்.

இதற்குத் தீர்வு புதுப்பேட்டையில் கிடைத்தது. இருசக்கர வாகன மெக்கானிக்குகள் எஞ்சினின் டாப்பெட் இடைவெளி பார்க்கப் பயன்படுத்தும், பல தடிமன்களில் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் ஒன்றை வாங்கி வந்து, அதன் தகடுகளை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் நிறுத்திப் பார்த்தேன். 0.60 மி.மீ. தகடு ஆடாமல் நின்றது; 0.65 நுழையவில்லை. பின்னர் ஆறுபட்டைத் தண்டுள்ள நல்ல எஃகுத் திருப்புளிப் பிட் ஒன்றை எடுத்து, அதன் இரு முகங்களும் இணையாக அமையும்படி எண்ணெய்ச் சாணைக்கல்லில் தேய்த்தேன். மின் சாணையில் பிடித்தால் வேலை விரைவில் முடியும்; ஆனால் நுனி நீலமாக மாறிய நொடியிலேயே எஃகின் பதம் போய்விடும். ஆகவே கையால், தண்ணீரில் அடிக்கடி நனைத்து, இரண்டு மாலைகள் தேய்த்தேன். அகலமும் திருகாணித் தலையின் அகலத்தைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். இல்லையேல் சுற்றியுள்ள உலோகத்தைக் கீறும். இடது உள்ளங்கையால் பிட்டை மேலிருந்து அழுத்திக்கொண்டு, அதன் தண்டில் மாட்டிய கால் அங்குல ரிங் ஸ்பேனரை வலது கையால் மெல்ல நகர்த்தினால், பல ஆண்டுகளாக அசையாத திருகாணியும் அசையும். அதற்கு முந்தின இரவே, பவர் ஸ்டீயரிங் எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து, ஊசி முனையால் ஒரே ஒரு சொட்டு விடுவேன். மரத்தில் பட்டால் அசிட்டோன் மெருகை உரித்துவிடும் என்பதால் சுற்றிலும் துணி கட்டாமல் இதைச் செய்யலாகாது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் பிட்டை மூன்று முறை மட்டுமே மீண்டும் தீட்டியிருக்கிறேன்.

கழற்றிய திருகாணிகளை வைக்க ஒரு பழைய இட்லித் தட்டை ஒதுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு திருகாணியும் அதனதன் துளைக்கென்றே பொருத்தப்பட்டது. முழுதும் இறுகும்போது பள்ளங்கள் குழலின் நீளவாக்கில் ஒரே நேராக நிற்கும். இடம் மாறினால் அந்த ஒழுங்கு கெடும். குழிகளைக் கழற்றிய வரிசையில் நிரப்பினால் குழப்பமே வராது.

குழலைத் துடைக்கும் கோலுக்கு முதலில் மூங்கிலை முயன்றேன். அது சிம்பு விட்டது, சிம்பில் மணலும் ஒட்டிக்கொண்டது. இப்போது இருப்பது 12 மி.மீ. பருமனும் 90 செ.மீ. நீளமும் உள்ள தேக்கு உருளை. அதன் நுனியில் அரை அங்குலப் பித்தளை ஹோஸ் நிப்பிள் ஒன்றைப் பொருத்தினேன். தோட்டக் குழாயைப் பிடித்துக்கொள்வதற்காக அதில் உள்ள வரிகள், நைந்த பருத்தி வேட்டித் துணியையும் அப்படியே பிடித்துக்கொள்கின்றன. பன்னிரண்டு போர் என்பது ஏறத்தாழ 18.5 மி.மீ. உள்விட்டம்; நான்கு விரற்கடைச் சதுரத் துணியை இரண்டாக மடித்துச் சுற்றினால் கச்சிதமாக இறங்கும். பித்தளை எஃகைவிட மென்மையானது என்பதால், கை தவறினாலும் குழலில் கீறல் விழாது. எப்போதும் தோட்டா அறைப் பக்கமிருந்தே தள்ள வேண்டும்; எதிர்ப்புறமிருந்து தள்ளினால் அழுக்கு முழுவதும் தோட்டா அறைக்குள் போய்ச் சேரும். தோட்டா அறை குழலைவிட அகலமானது; அதற்குக் குழந்தைகளின் பால் புட்டி கழுவும் நைலான் தூரிகையை மண்ணெண்ணெயில் தோய்த்துச் சுழற்றுகிறேன். இதைவிடப் பொருத்தமான பொருளை நான் இதுவரை காணவில்லை.

வெளிப்புறச் செம்புள்ளிகளுக்கு எஃகுக் கம்பளி (மெல்லிய எஃகு இழைச் சுருள்) வேண்டவே வேண்டாம். கருநீல மெருகையும் சேர்த்து எடுத்துவிடும். அம்மாவின் பெட்டியில் இருந்த ஓட்டைக் காலணாவின் விளிம்பை, எண்ணெய் தடவிய இடத்தில் மெதுவாகத் தேய்த்தால் துரு மட்டும் பழுப்புக் குழம்பாகக் கிளம்பி வருகிறது. தேர்தல் காலங்களில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறும்போதெல்லாம் அந்த நாணயத்துக்கு வேலை இருக்கிறது. 2019-இல் உறையோடு ஈரச்சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததால் இடக்குழல் நெடுகத் துரு பூத்திருந்தது. அதை எடுக்க நான்கு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து ஒப்படைக்கும்போது தோலுறையில் வைப்பதில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைக்கும். கனமாக எண்ணெய் பூசி, பருத்தித் துணியில் சுற்றிக் கொடுக்கிறேன்.

எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய் என்னை ஏமாற்றியது. சில மாதங்களில் பிசினாகிப் பொறியைக் கனக்கச் செய்துவிட்டது. தையல் இயந்திர எண்ணெய் உள்பொறிக்கு நன்று; கடற்காற்றுக்கு எதிரே வெளிப்பூச்சாக நிற்காது. எந்த எண்ணெயானாலும் மிகையாக விட்டு, துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தால், அது வழிந்து கட்டையின் கழுத்தில் ஊறி மரத்தைக் கறுப்பாக்கி மென்மையாக்கும். என் கைக்கு வந்தபோதே அந்தக் கறுப்பு இருந்தது. அதனால் சுத்தம் செய்த பின் ஓரிரவு குழலின் வாய்ப்புறம் கீழாக நிறுத்தி வைக்கிறேன்.

குழல் இல்லாதபோது விசை தவறி அழுந்தி, உள்ளே உள்ள சுத்தியல்கள் விழுந்துவிட்டால், குழலை மீண்டும் மாட்ட முடியாது. முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரு நெம்புகோல்களையும் துணி சுற்றிய மரச்சட்டத்தின் விளிம்பில் வைத்து, ‘டக்’ என்ற ஒலி இருமுறை கேட்கும்வரை அழுத்த வேண்டும். அதற்கென ஒரு தேக்குத் துண்டை அளந்து அறுத்து வைத்திருக்கிறேன். அடித்தகட்டைத் திறந்து, மண்ணெண்ணெயால் கழுவி, உலர்த்தி, இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதோடு என் வேலை முடிகிறது. மெயின் ஸ்பிரிங்கை நான் தொடுவதில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு பழுதுபார்ப்புக்குத் தனி உரிமம் கேட்கிறது. அதைப் பெற்ற கைவினைஞரிடம்தான் அந்தப் பணி போகிறது. சென்ற முறை அவரிடம் கொண்டுபோனபோது, சிதைந்த திருகாணித் தலையைப் பார்த்துவிட்டு, அதைச் சீர்செய்து தரட்டுமா என்று கேட்டார். அடுத்த கார்த்திகைக்குள் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.