தங்கச்சிமடத்தில் ஏழு ராத்திரி: கடல் பார்த்த அறையும் ஒரு அண்டா வெந்நீரும்

தை மாசம் முடியும்வரை, ராமேசுவரம் இருக்கிற பாம்பன் தீவின் வடகரையில் யாராவது ‘கடல் பார்த்த அறை’ என்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். ராத்திரிக்கு 2,400 ரூபாய். முன்கூட்டியே கட்டிவிட்டு, ஜன்னலில் கடல் தெரிகிற படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுப் பெருமையும் பட்டுக்கொண்டேன். அந்த ஜன்னல்தான் இரண்டு ராத்திரி எங்களைத் தூங்கவிடாமல் செய்தது.

போனது பொங்கலுக்கு முந்தைய வாரம். ராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்று அம்மாவுக்கு நெடுநாள் ஆசை. எனக்கு லேப்டாப்பும் சிக்னலும் இருந்தால் போதும் என்கிற வேலை. அதனால் மதுரையில் ரயிலேறி ஏழு நாள் தங்குவதாகவே கிளம்பினோம். கோயில் பக்கத்து லாட்ஜ் நெரிசல் வேண்டாம் என்று தங்கச்சிமடத்தில் கரையோரமாக ஒரு தங்கும் வீட்டைப் பிடித்தேன். பெயர் போடப்போவதில்லை. கொஞ்சம் திட்டும் இருக்கிறது, அங்கே வேலை பார்க்கிற அண்ணனும் அக்காவும் அந்தத் திட்டுக்குப் பொறுப்பில்லை.

2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் மெதுவாக ஊர்ந்தபோதே காற்று தெரிந்தது. பக்கத்தில் 1914இல் திறந்த பழைய பாலம் சும்மா நின்றது. அதில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை நிறுத்திவிடுவார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு காற்று அன்றைக்கு இல்லை. ஆனால் கதவோரம் நின்ற பையன்கள் எல்லாம் படம் எடுத்த கையோடு உள்ளே வந்து சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்கள். அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அறை பார்க்க நன்றாகவே இருந்தது. வெள்ளைச் சுவர், அகலமான கட்டில், வடக்கே முழுச் சுவருக்கும் இழுத்து மூடுகிற அலுமினிய ஜன்னல், வெளியே பத்து தென்னை தாண்டிக் கடல். சாவி கொடுத்த அண்ணன் அப்போதே சொன்னார். “தம்பி, அம்மாவ வேற கூட்டியாந்திருக்கீங்க, பின்னாடி ரூம் ஒண்ணு காலியா இருக்கு, அதுல இருந்துக்கிறீங்களா? வாடை சரியா அடிக்குது.” எனக்கு என்ன தோன்றியது என்றால், வேறு யாருக்கோ முன் அறையைக் கொடுக்கப் பார்க்கிறார், பின் அறையை நம் தலையில் கட்டுகிறார். “பரவால்லண்ணே, இதுக்குத்தான் காசு கட்டியிருக்கு” என்று சொல்லிவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ராத்திரி எட்டு மணிக்கு ஜன்னல் முனக ஆரம்பித்தது. உப்புக் காற்றில் அலுமினியம் பொரிந்து, கீழே ஓடுகிற தடத்தில் மணல் அடைந்து, கடைசி அரை அங்குலம் மூடவே இல்லை. அந்த அரை அங்குலத்தில் நுழைகிற காற்று ஊதல் மாதிரி ராத்திரி முழுக்க ஒரே சுருதியில் ஊதியது. துண்டைச் சுருட்டி அடைத்தால் பத்து நிமிடத்தில் தள்ளிவிடும். அப்புறம் என் லேப்டாப் பையை முட்டுக்கொடுத்தேன். அறையில் ஏசிக்கு இரண்டு ரிமோட் இருந்தது, போர்த்திக்கொள்ள இருந்தது ஆளுக்கு ஒரு துப்பட்டி, அதுவும் கடல் ஈரத்தில் நமுத்துப்போன அப்பளம் மாதிரி. போர்த்தினால் உடம்புச் சூட்டை அது வாங்கிக்கொண்டது, நமக்கு எதுவும் தரவில்லை.

காலை ஐந்து மணிக்கு போனில் பார்த்தால் 22 டிகிரி. சிரிக்காதீர்கள். கொடைக்கானலில் இருக்கிற என் மச்சானுக்கு அனுப்பினேன், அவன் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை ஒன்றை மட்டும் பதிலாகப் போட்டான். மதுரையில் இதைவிடக் குறைந்தாலும் நான் பனியனோடு மொட்டை மாடியில் நின்று பல் தேய்க்கிறவன். இங்கே பல் தந்தி அடித்தது. மதுரைக் குளிர் அசையாமல் நிற்கிற குளிர், இது நடமாடுகிற குளிர், அதுவும் ஈரக்கையோடு. வாடை என்பது வடக்கிலிருந்து வருகிற காற்று, தீவின் வடகரைக்கும் அந்தக் காற்றுக்கும் நடுவில் பாக் விரிகுடா மட்டும்தான், மேடு கிடையாது, மரம் கிடையாது. வழியில் வாங்கின ஈரத்தையெல்லாம் அது முதலில் கொண்டுவந்து கொட்டுகிற இடம் எங்கள் ஜன்னல். 2,400 ரூபாய்க்கு நான் வாங்கியது வாடையின் நேர்ப் பாதையில் ஒரு கட்டில்.

வெந்நீர் கதை தனி. கூரையில் சோலார் ஹீட்டர் இருந்தது, படத்திலும் போட்டிருந்தார்கள். முதல் இரண்டு நாளும் மூடாக்காகவே இருந்ததால் அது சோலாரும் இல்லை ஹீட்டரும் இல்லை, வெறும் தொட்டி. குளியலறைக் கீசரைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிந்தது, தண்ணீர் மாறவில்லை. தீவில் போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு, உள்ளே இருக்கிற கம்பிச்சுருளில் சுண்ணாம்பு மாதிரி படிந்து கொஞ்ச நாளில் தின்றுவிடும், அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றவில்லை. ராமநாதபுரத்தில் இருக்கிற முதலாளியைப் போனில் பிடித்தால், “இங்க யாரு தம்பி வெந்நீர் கேக்குறாங்க, எல்லாரும் ஏசிதான் கேப்பாங்க” என்றார். ஒருவகையில் உண்மைதான். வருஷத்தில் பத்து மாசம் வெயிலுக்கு ஒதுங்குகிற ஊர் இது. ஆனால் ‘24 மணி நேரமும் வெந்நீர்’ என்று எழுதி வைத்துவிட்டு அந்தப் பதிலைச் சொல்லக் கூடாது. கடைசி நாள் கணக்கில் ஐந்நூறு கழித்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

காப்பாற்றியது அக்கா. அந்த அண்ணனின் மனைவி. வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, பனை மட்டையும் தென்னம்பாளையும் எரித்து, பித்தளை அண்டாவில் தண்ணீர் காய்ச்சுவார். இரண்டாம் நாள் காலை அம்மா அந்தப் பக்கம் போய் அடுப்போரம் குந்திவிட்டார், அதற்குப் பிறகு அவரை அறையில் பார்ப்பதே அபூர்வம். புகை வாசனையோடு வருகிற அந்த வெந்நீர் வாளிக்கு எந்தக் கீசரும் ஈடில்லை. அப்புறம் சுக்கு மல்லிக் காப்பி. பால் கிடையாது. கருப்பட்டியை உடைத்துப் போட்டுத் துணியில் வடிகட்டி லோட்டாவில் கொடுப்பார், அடியில் கொஞ்சம் மண்டி நிற்கும், அதையும் விடாமல் குடித்தேன். ராமநாதபுரம் பக்கம் பனை எவ்வளவு என்று தெரியும்தானே, இங்கே கருப்பட்டி கேட்டால் கருப்பட்டிதான் வருகிறது, வெல்லத்தில் கரியைக் கலந்தது இல்லை. பொங்கல் நேரம் என்பதால் பனங்கிழங்கும் கட்டுக்கட்டாக வந்திருந்தது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, மிளகு தூள் தொட்டுக்கொள்ள வைத்துத் தந்தார். விலைப்பட்டியலில் இதெல்லாம் இல்லை. கேட்டால் கிடைக்கும், கேட்கிற விதமாகக் கேட்டால்.

மூன்றாம் நாள் மானம் பார்க்காமல் அண்ணனிடம் போய் நின்றேன். “அந்தப் பின்னாடி ரூம் இன்னும் இருக்காண்ணே?” அவர் ஒன்றும் சொல்லவில்லை, சாவியை எடுத்தார். சின்ன அறை, தெற்கே பார்த்தது, ஜன்னலில் தெரிவது துணி காயும் கொடியும் ஒரு முருங்கை மரமும் சமையல்கட்டுச் சுவரும். 1,500 ரூபாய். கதவைச் சாத்தியதும் காற்றுச் சத்தம் அப்படியே நின்றது. முன் அறை முழுசாகக் குறுக்கே நின்று வாடையை வாங்கிக்கொள்கிறது, அடுப்புச் சுவர் ராத்திரி பத்து மணிவரை வெதுவெதுப்பாக இருக்கிறது. அன்றைக்கு அம்மா குறட்டை விட்டுத் தூங்கினார். மறுநாள் அண்ணன்தான் விளக்கினார், கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து வருகிற காற்று: “கச்சான் காத்து காலத்துல வந்து பாருங்க, அப்ப இந்த ரூம்ல மனுசன் இருக்க முடியாது, வெக்கையும் மண்ணும் இங்கிட்டிருந்துதான் வரும். அப்ப முன்னாடி ரூம் சொர்க்கம்.” அதனால் நட்சத்திரம் போடச் சொன்னால் எந்த மாசத்துக்கு என்று கேட்பேன்.

காற்று மட்டுமில்லை, கடலே இந்தத் தீவில் அப்படித்தான் இடம் மாறுகிறது. எங்கள் கரையில் தண்ணீர் கலங்கி, சேறு நிறத்தில் மடமடவென்று அடித்துக்கொண்டிருந்த அன்றைக்கே, ஆட்டோ பிடித்துக் குந்துகாலுக்குப் போனேன், விவேகானந்தர் 1897 ஜனவரியில் வந்து இறங்கிய இடம். தீவின் தென்கரை, மன்னார் வளைகுடா. எண்ணெய் ஊற்றினது மாதிரி கிடந்தது. தீவே நடுவில் மறித்து நிற்பதால் வாடை அங்கே தண்ணீரைத் தொடுவதே இல்லை. நாட்டுப்படகுக்காரர்கள் சிலர் வாடைக் காலத்துக்குப் படகை இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் வழிகாட்டிகள் இந்தப் பக்கம் பெண் கடல், அமைதி, அந்தப் பக்கம் ஆண் கடல், முரடு என்று ஒப்பிக்கிறார்களே, அது கச்சான் காலத்துக்குச் சரி. ஜனவரியில் நின்று பார்த்தால் பெண் கடல்தான் ஆவேசமாக இருந்தது. ஆட்டோக்காரர் கொஞ்சமும் அசராமல், “அது இப்ப கோவமா இருக்கு சார்” என்றார்.

தனுஷ்கோடியில் அதிக நேரம் நிற்க முடியவில்லை, காற்றில் மணல் கணுக்காலில் ஊசி குத்தியது. இடிந்த தேவாலயத்தின் சுவர் மறைவில் நின்று அம்மா 1964 டிசம்பர் புயலைப் பற்றிச் சொன்னார், அப்போது அவருக்குப் பத்து வயது, ரயிலே கடலில் போய்விட்டது என்று மதுரையில் எல்லார் வீட்டிலும் பேசிக்கொண்டார்களாம். இந்தக் காற்றே இப்படி என்றால் அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே திரும்பினோம். வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் பூநாரைகள் நின்றன, ஒற்றைக் காலில், குளிரைப் பற்றிப் புகார் எதுவும் இல்லாமல்.

தீர்த்தம் ஆடியது ஐந்தாம் நாள். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். நான் பயந்தது தண்ணீருக்கு. அக்னி தீர்த்தம் என்பது கோயிலுக்கு முன்னால் இருக்கிற கடல்தான், அதிகாலை அதில் இறங்கினால் தண்ணீர் காற்றைவிட இதமாக இருந்தது, உள்ளே இருக்கும்வரை குளிரே இல்லை. கோயில் கிணறுகளும் அப்படித்தான், வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றும்போது சில கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுவென்றே விழுகிறது. கொல்கிறது எது என்றால் ஒரு கிணற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஈரப் புடவையோடு கல் தரையில் நடக்கிற நடை. 22 கிணறு என்றால் 21 நடை. ஈரத் துணியோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத் துணியோடு ஒரு தடிமனான துண்டையும் பையில் வையுங்கள். வெயில் ஏறிய பிறகு, ஒன்பது பத்து மணிக்குப் போவது உத்தமம். விடியலில் போனால்தான் புண்ணியம் என்று அம்மா பிடித்த பிடியில் மறுநாள் மூக்கு ஒழுகியது எனக்குத்தான், அவருக்கு ஒன்றும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று எச்சரிக்கை வந்ததால் நடுவில் மூன்று நாள் விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை, கரை முழுக்கப் படகுகள் கட்டியே கிடந்தன. அந்த மூன்று நாளும் ‘இன்றைய மீன்’ என்று பலகையில் எழுதியிருந்த கடைகளில் நான் நுழையவில்லை. முக்குரோட்டில் ஒரு சின்ன மெஸ்காரர் மட்டும் நேராகவே, “மீன் ஐஸ்ல இருந்தது, வேணாம், தெக்குக் கடல் நண்டு இருக்கு, ரசம் வைக்கவா?” என்று கேட்டார். அந்த நண்டு ரசத்துக்காக நான்கு நாள் தொடர்ந்து போனேன். மிளகும் பூண்டும் ஏறி, காது சூடாகி, மூக்கடைப்பு திறந்துவிட்டது. மார்கழி என்று அம்மா தொடவில்லை, அவருக்குத் தயிர் சாதமும் ஊறுகாயும், அந்தக் குளிரில்.

போகிறவர்களுக்கு: தைக் கடைசிவரை பின் அறை, கேட்டு வாங்குங்கள். சாக்ஸ் எடுத்துப் போங்கள், ராமேசுவரத்துக்கு சாக்ஸா என்று வீட்டில் சிரித்தாலும். போர்வை தேவைப்படாது. அம்மா மதுரையிலிருந்து தூக்கிவந்த பச்சைக் கட்டம் போட்ட கம்பளியை அந்த அக்காவிடமே கொடுத்துவிட்டு வந்தோம். அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறார், கேட்டால் எடுத்துத் தருவார். வெயிலில் ஒரு தடவை காயப்போட்டுவிட்டுப் போர்த்துங்கள்.