குறைவது கொழுப்பா, தண்ணீரா, தசையா? இளவயது எடைக்குறைப்பு முறைகள்: ஓர் ஒப்பீடு

இருபதுகளில் இருக்கும் உடம்புக்குப் பொறுமை அதிகம். மூன்று நாள் அரைப்பட்டினி கிடந்தாலும் வேலைக்குப் போகும், படியேறும், சிரிக்கும். தவறான முறையைக்கூட இரண்டு மூன்று மாதம் முனகாமல் தாங்கிக்கொள்ளும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முடி கொட்டுவதும் மாதவிடாய் தள்ளிப்போவதும் தெரியவரும்போது, கேடு தொடங்கிப் பல வாரங்கள் ஆகியிருக்கும்.

அதனால் ஒரு முறையை இன்னொன்றோடு ஒப்பிடும்போது 'எது வேகமாக இறக்கும்?' என்று கேட்டால் போதாது. இறங்குவது எது, அந்த முறை எந்த இடத்தில் முறியும் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். அது 18.5-க்குக் கீழே இருப்பவர், கர்ப்பிணி, பாலூட்டுபவர், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர், சாப்பாட்டைப் பற்றிய பயமோ சாப்பிட்டு வாந்தி எடுக்கும் பழக்கமோ எப்போதாவது இருந்தவர் ஆகியோர் மருத்துவரைப் பார்க்காமல் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டாம்.

கிராஷ் டயட்டா, நிதானமா?

24 வயதுப் பெண், 76 கிலோ, 162 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு ஓய்வில் செலவழிக்கும் கலோரியைக் கணிக்கப் பரவலாகப் பயன்படுவது மிஃப்ளின் சூத்திரம். எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு பெண்ணுக்கு 161-ஐக் கழிக்க வேண்டும், ஆணுக்கு 5-ஐக் கூட்ட வேண்டும். இவருக்கு 760 + 1,012 − 120 − 161, அதாவது சுமார் 1,490. பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை, கொஞ்சம் நடை என்றால் 1.4-ஆல் பெருக்கலாம். நாள் செலவு ஏறக்குறைய 2,090 கலோரி.

நிதான வழியில் இதில் 500-ஐக் குறைத்து 1,590 சாப்பிடுவார். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதால் வாரத்துக்கு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். கிராஷ் டயட்டில் 800 கலோரியோடு நிறுத்திக்கொள்வார். முதல் வாரமே மூன்று கிலோ காணாமல் போகலாம். அதில் பெரும்பங்கு தண்ணீர். கல்லீரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கிளைகோஜன் கரைந்தால் தண்ணீரும் கூடவே போகும். ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டால் அடுத்த நாளே திரும்பி வரும் எடை இது.

வேகமாகக் குறைத்தால் வேகமாகத் திரும்ப ஏறும் என்று எல்லோரும் சொல்வதுண்டு. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் உடல் பருமன் உள்ள சுமார் 200 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 12 வாரத்திலும் மற்றதற்கு 36 வாரத்திலும் எடை குறைத்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில், மூன்று ஆண்டுக்குள் இரு குழுவினருமே இழந்ததில் சுமார் 70 விழுக்காட்டைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். ஆனால் வேகக் குழுவினர் சாப்பிட்டது சத்துகள் கணக்கிட்டுத் தயாரித்த மாற்று உணவு, அதுவும் நிபுணர்களின் கண்காணிப்பில். வீட்டில் தனியாக இரண்டு ஆப்பிளும் கறுப்புக் காப்பியுமாக நாளை ஓட்டுபவருக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது. புரதம் போதாவிட்டால் தசை கரைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றால் எலும்பும் சேர்ந்து தேய்கிறது. எலும்பின் அடர்த்தி உச்சத்தைத் தொடுவது இருபதுகளின் பிற்பகுதியில்தான். அந்த வயதில் விட்டதைப் பிற்காலத்தில் முழுதாக மீட்க முடியாது.

மனத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி, கூடவே வாரம் 35 கி.மீ. நடை. அவர்கள் ஏற்கெனவே ஒல்லியானவர்கள். அந்த உடம்புக்கு அது பெரும் பற்றாக்குறை. இளைத்தது உடம்பு மட்டுமில்லை. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு, ஓயாத குளிர். கிராஷ் டயட்டில் மூன்றாவது வாரம் நள்ளிரவில் அலமாரியைத் திறந்து கண்டதையும் தின்பதை மன உறுதிக் குறைவு என்று யாரும் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். பசித்த உடம்பு தன் வேலையைச் செய்கிறது.

நிதான வழியே மேல் என்பது எங்கள் முடிவு. நாளுக்கு 300 முதல் 500 கலோரி வரை குறைத்தால் போதும். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200-க்கும் ஆண்கள் 1,500-க்கும் கீழே போக வேண்டாம்.

மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா?

இதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 2018-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 18 முதல் 50 வயது வரையிலான 609 பேர் இரு குழுவாகப் பிரிந்து, குழுவுக்கு ஒரு முறையாக ஓராண்டு பின்பற்றினார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இழந்தார்கள். பொருட்படுத்தும் வேறுபாடு இல்லை. இரு குழுவுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது, காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் மைதாவையும் தள்ளுங்கள் என்பது. தானியம் இல்லாமல் சாப்பாடே இறங்காது என்பவர் கொழுப்பைக் குறைக்கட்டும். எண்ணெயும் கொட்டைகளும் இல்லாமல் வயிறு நிறையாது என்பவர் மாவுச்சத்தைக் குறைக்கட்டும். மாவுச்சத்தை விட்டவருக்கு முதல் வாரம் தராசு கூடுதலாக இறங்கும். மேலே சொன்ன அதே தண்ணீர்தான், கொண்டாட வேண்டாம்.

இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்கா, வழக்கமான மூன்று வேளையா?

இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்பது நாளில் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டு, மற்ற நேரம் பட்டினி இருப்பது. சீனாவில் 139 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் எல்லோருக்கும் ஒரே கலோரி அளவுதான். ஒரு குழு காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் சாப்பிட்டது. ஓராண்டில் அவர்கள் 8 கிலோவும் மற்றவர்கள் 6.3 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல்படி இந்த வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. கடிகாரத்தில் மந்திரம் ஏதும் இல்லை. இரவுத் தீனியை அறுக்க அது ஒரு வேலி, அவ்வளவே.

அந்த வேலி யாருக்கு உதவும்? இரவு ஒன்பது மணிக்கு மேல் மொறுமொறுப்பாக எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பவருக்கு. யாருக்கு உதவாது? சாப்பிடும் எட்டு மணி நேரம் தொடங்கியதும் இரண்டு வேளையை ஒன்றாக அள்ளிப் போடுபவருக்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. வேளை குறைந்தால் புரதமும் குறையும். நம் 76 கிலோக்காரருக்கு நாளுக்குச் சுமார் 100 கிராம் புரதம் வேண்டும் என்றால், மூன்று வேளையில் வேளைக்கு 33 கிராம், இரண்டு வேளையில் வேளைக்கு 50 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு கோப்பைப் பாலில் எட்டு கிராம், 100 கிராம் உலர்ந்த பருப்பில் 22 கிராம் அளவில்தான் இருக்கிறது. ஒரே அமர்வில் 50 கிராம் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பது இதிலேயே தெரியும்.

நடையா, ஓட்டமா, எடைப் பயிற்சியா?

அதே 76 கிலோவில் அரை மணி நேரம் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் சுமார் 130 கலோரி. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஓடினால் சுமார் 315. சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்த அரை மணியில் 38 கலோரி போயிருக்கும் என்பதையும் இதில் கழித்துக்கொள்ளுங்கள். இப்போது சமையலறைக்கு வாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. கண் அளவில் ஊற்றும் கை மூன்று கரண்டியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஓட்டத்தில் போனது முழுக்க அந்தச் சட்டியில் திரும்பிவிட்டது. எண்ணெயை மட்டுமாவது கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். மற்றதைக் கண் அளவில் விட்டாலும் பாதிப் பிழை தீரும்.

டியூக் பல்கலைக்கழகத்தில் 2012-இல் வெளியான ஆய்வில் உணவை மாற்றாமல் எட்டு மாதம் பயிற்சி செய்தவர்களைப் பார்த்தார்கள். வாரம் சுமார் 19 கி.மீ. அளவுக்கு ஏரோபிக் பயிற்சி (ஓட்டம் போல மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி) செய்தவர்கள் 1.8 கிலோ இழந்தார்கள். எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு எடை சற்றுக் கூடியது, தசையும் கூடியது. தராசை மட்டும் பார்த்தால் எடைப் பயிற்சி தோற்றதாகத் தோன்றும். ஆனால் சாப்பாட்டைக் குறைத்திருக்கும் காலத்தில் தசையைக் காப்பது அதுதான். உணவு எடையைக் குறைக்கும், எடைப் பயிற்சி அப்படிக் குறையும்போது தசை கரையாமல் பார்த்துக்கொள்ளும், நடை இரண்டுக்கும் துணை நிற்கும்.

நேரம் குறைவு என்றால் எங்கள் தேர்வு இது: வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி, மற்ற நாள்களில் 30 முதல் 40 நிமிட விரைநடை. எடைப் பயிற்சிக்கு ஜிம் கட்டாயமில்லை. ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), தண்டால் (முடியாதவர் மேசை விளிம்பில் கை ஊன்றி), இடுப்பை மடக்கி எடை தூக்குவது, பையில் பாரம் வைத்து மார்பை நோக்கி இழுப்பது என நான்கு போதும். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. இன்னும் இரண்டு முறைதான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்ற நிலையில் சுற்றை நிறுத்துங்கள். 12 எளிதாக வந்தால் பாரத்தைக் கூட்டுங்கள். பாரம் கூடாமல் மாதக்கணக்கில் அதையே செய்வதால்தான் பலருக்குப் பலன் நின்றுவிடுகிறது.

ஓடத்தான் பிடிக்கும் என்பவர் முதல் வாரமே ஐந்து கி.மீ. ஓட வேண்டாம். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் கணுக்காலுக்கு மேலே முன்னங்கால் எலும்பில் வலி கிளம்புகிறது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, வாரம் மூன்று நாள் என்று தொடங்குங்கள்.

கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை

ஒப்பீட்டுக்கே இடமில்லை. இணையத்தில் இளைஞர்களைக் குறிவைத்து விற்கப்படும் டிஎன்பி என்ற டைநைட்ரோஃபீனால், உடம்பின் வெப்பத்தைக் கட்டுக்கடங்காமல் ஏற்றிக் கொல்லும். அதற்கு மாற்று மருந்தும் இல்லை.

தராசா, டேப்பா?

இரண்டும் வேண்டும். தினமும் காலையில் கழிப்பறை போய்வந்த பின், சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறித்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். உப்பு, மாதவிடாய், முந்தைய நாள் எடைப் பயிற்சி எல்லாமே தண்ணீரைப் பிடித்துத் தராசை ஒரு கிலோவுக்கு மேலும் ஆட்டும். தினசரி எண் உங்களைப் பதற வைக்கிறது என்றால் தராசை விட்டுவிட்டு டேப்போடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் வயிற்றுச் சுற்றளவை அளக்க வேண்டும்.

எட்டு கிலோ குறைந்தபின் தராசு மந்தமாகும். 68 கிலோ உடம்பின் நாள் செலவு முன்பைவிடச் சுமார் 110 கலோரி குறைவு. அதே 1,590 சாப்பிட்டாலும் இடைவெளி இப்போது 390-தான். உடனே இன்னும் வெட்டாதீர்கள். முதலில் ஒரு வாரம் எண்ணெயையும் கொறிப்பதையும் மறுபடி அளந்து பாருங்கள், நடையில் 15 நிமிடம் கூட்டுங்கள். மூன்று வாரம் கழித்தும் சராசரி அசையாவிட்டால் மட்டும் 100 கலோரி குறையுங்கள். ஆனால் தலைசுற்றல், மயக்கம், முடி கொத்தாகக் கொட்டுவது, மூன்று மாதம் மாதவிடாய் வராதது இவற்றில் ஒன்று வந்தாலும் குறைப்பதை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.