ஒரே ஜோடி நாற்காலி: ஒன்றுக்கு பி.யூ., ஒன்றுக்கு அசல் தோல்

அப்பா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். தோட்டம் கைமாறியபோது துரை பங்களாவிலிருந்து இரண்டு நாற்காலிகளை வாங்கி வந்தார். முதுகு உயரமாக, தலைக்கு இரண்டு பக்கமும் இறக்கை வைத்து, பித்தளைக் குமிழ் ஆணி வரிசையாக அடித்த தோல் நாற்காலிகள். காலப்போக்கில் தோல் வெடித்து நார் வெளியே வந்துவிட்டது. ஒன்றை 2018இல் குஷன் கடையில் கொடுத்து ஸ்பாஞ்சும் பி.யூ. லெதர் என்கிற செயற்கைத் தோலும் போட்டேன். மற்றதை 2021இல் ஒரு பெரியவரிடம் கொடுத்து பழைய முறையில், கையால், மாட்டுத் தோல் போட்டு வாங்கினேன். இரண்டும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு ஹாலில், ஒரே காற்றாடிக்குக் கீழேதான் கிடக்கின்றன. ஒப்பிட இதைவிட வசதி வேண்டாம்.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பி.யூ. வேலைக்கு 450 வெள்ளி (ரிங்கிட்), நான்கு நாளில் கைக்கு வந்தது. கை வேலைக்குத் தோலோடு சேர்த்து 2,100 வெள்ளி, ஏழு வாரம். இந்த மாதிரி நாற்காலி ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு முழு மாட்டுத் தோல், அதாவது 100 சதுர அடி போல, தேவைப்படுகிறது. முதல் வருடம் இரண்டையும் தள்ளி நின்று பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. உட்கார்ந்தால் தெரியும்.

பி.யூ. மூன்றாம் வருடமே உரிய ஆரம்பித்தது. மகள் பள்ளிச் சீருடையோடு சாய்ந்து எழுந்தால் முதுகெல்லாம் பழுப்புச் செதில். நாங்கள் முரட்டுத்தனமாகப் பயன்படுத்தியதால் அப்படி ஆகவில்லை. பி.யூ. லெதர் என்பது துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் படலம். காற்றின் ஈரம் அந்தப் படலத்தின் இணைப்புகளை மெல்ல அறுத்துவிடும். நம் ஊரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. யாரும் உட்காராமல் போர்த்தி வைத்தாலும் உரியத்தான் செய்யும். ‘பாண்டட் லெதர்’ என்று விற்பதும் தோல் தூளை ஒட்டி மேலே அதே படலத்தைப் பூசியதுதான்; பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஆனால் என் மனதை மாற்றியது உரிந்த மேல்பக்கம் இல்லை. துணி மாற்றலாம் என்று நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடித்துணியைப் பிரித்தேன். உள்ளே ஸ்பிரிங் ஒன்றுகூட இல்லை. கடைக்காரர் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, ஒரு பிளைவுட் பலகையும் அதன் மேல் ஸ்பாஞ்சுக் கட்டியும் வைத்து மூடியிருந்தார். ஸ்பாஞ்ச் மஞ்சளாகி விரலால் தொட்டால் பொடியாகிறது. மரச்சட்டத்தில் நூற்றுக்கணக்கான ஸ்டேப்ளர் முள். பிடுங்கப் பிடுங்க மரமும் சேர்ந்து பெயர்ந்து வருகிறது. 450 வெள்ளிக்கு நான் வாங்கியது மேல் உறையை. கொடுத்தது அப்பா வாங்கி வந்த நாற்காலியின் வயிற்றை.

கை வேலையில் எல்லாமே அடுக்கடுக்காக இருக்கும். முதலில் சணல் பட்டைகளைப் பாய் முடைவது போலக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுவது. அதன் மேல் ஒன்பது ஸ்பிரிங். ஒவ்வொன்றையும் முன்பின், இடவலம், மூலைக்கு மூலை என எட்டுத் திசையில் கயிற்றால் கட்டுகிறார்கள். அப்போதுதான் ஒன்று அமுங்கும்போது பக்கத்திலிருப்பதும் சேர்ந்து அமுங்கும். பிறகு சாக்குத் துணி, தேங்காய் நார், ஓரம் சரியாமல் இருக்கத் தையல், பஞ்சு, கடைசியாகத் தோல். பெரியவர் சிறு ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி, காந்தச் சுத்தியலின் முனையில் ஒட்ட வைத்து அடிப்பார். ஒரு கை தோலை இழுத்துப் பிடித்திருக்கும்; மற்ற கைக்குச் சுத்தியல் மட்டும்தான். கைப்பிடிகளுக்கு ரப்பர் பால் தெளித்த நார் வைத்தார். 1877இல் மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகளில் சிலவற்றை நட்ட கோலகங்சாருக்குப் பக்கத்து ஊர்க்காரனான எனக்கு அது தனி சந்தோஷம்.

இதனால் என்ன லாபம் என்றால், பழுதான அடுக்கை மட்டும் சரிசெய்யலாம். போன வருடம் இருக்கையின் முன்பக்கம் லேசாகத் தொங்கியது. தூக்கிக்கொண்டு போனேன். “தோல்ல கை வைக்க வேணாம் தம்பி, பட்டைதான் தளந்திருக்கு” என்றார். கவிழ்த்து வைத்து இரண்டு சணல் பட்டைகளை மாற்றினார். 60 வெள்ளி, அரை நாள். மேலே இருந்த தோலுக்கு எதுவும் தெரியாது. நார் அமுங்கிப்போனால்கூட எடுத்துப் பிரித்து உதறி மறுபடி போடலாமாம்; எனக்கு இன்னும் அதற்கு அவசியம் வரவில்லை.

அசல் தோலுக்கும் தொல்லை உண்டு. ஆண்டுக் கடைசி மழையில் பூசணம் பூக்கும். பி.யூ.வில் துடைத்தால் போய்விடும், தோலில் விட்டுவைத்தால் கறை தங்கிவிடும். முதல் வருடம் மெருகேறட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒரே வாரத்தில் இருக்கை முழுக்க வெள்ளைப் புள்ளி. இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை உலர்ந்த துணி, பட்டன் குழிகளுக்கு மென்மையான பிரஷ், வருடத்தில் இரண்டு முறை தோல் கிரீம் மெல்லிசாக. பூசணம் வந்தால் வெளியே தூக்கிப்போய்த் துடைத்து நிழலில் காயவிடுகிறேன். நேர் வெயில் கூடாது, தோல் வெடித்துவிடும்.

தோல் எத்தனை வருடம் வரும் என்று கேட்டால், என் கையில் இருப்பது சில வருட அனுபவம்தான். அதற்கு மேல் சாட்சி சொல்ல மாட்டேன். வாடகை வீடு, பூனை வளர்க்கும் வீடு, இரண்டு மூன்று வருடத்தில் தூக்கிப் போடப்போகும் சோபா என்றால் பி.யூ. போதும். மாட்டுத் தோல் வீட்டுக்குள்ளேயே வேண்டாம் என்கிற குடும்பங்களும் நம்மில் நிறைய. அவர்களுக்கும் நான் சொல்வது கை வேலைதான்: மேலே தோலுக்குப் பதில் கெட்டியான கேன்வாஸ் போடச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மட்டும் யாரையும் வெட்ட விடாதீர்கள். கடையில் கொடுக்கும்போதே ‘ஸ்பிரிங்கும் பட்டையும் அப்படியே இருக்கணும்’ என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாற்காலியைப் போன மாதம் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, மரம் நன்றாக இருக்கிறது என்றார். ஈப்போவிலிருந்து வந்த ஓர் உடைந்த சோபா அவர் பட்டறை மூலையில் கிடக்கிறது. அதிலிருந்து ஒன்பது ஸ்பிரிங் கழற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்குள் முடியாது. பரவாயில்லை, காத்திருக்கிறேன்.